கரைநாள் திட்டமிடல்: கப்பல் சுற்றுலாவில் குடும்பத்துடன் தீவில் ஒரு நாள்

கப்பல் சுற்றுலாவின்போது கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்க, பயணிகள் காலையில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்ப ஏறிக்கொள்ளும் நாள் கரைநாள் எனப்படும். எங்கும் நிற்காமல் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும் நாள் கடல்நாள். கரைநாளில் படுக்கை, பெட்டி, இரவு உணவு எல்லாம் கப்பலிலேயே இருக்கும். பயணி ஒரு கைப்பையுடன் மட்டும் இறங்கினால் போதும். அறை தேடும் அலைச்சலும் சுமை தூக்கும் தொல்லையும் இல்லாததால் முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பங்களுக்கு இது வசதியானது.

ஆனால் இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பேருந்துச் சுற்றுலாவில் ஒருவர் தாமதித்தால் ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டாவது காத்திருப்பார். கப்பல் பொதுவாகக் காத்திருப்பதில்லை. துறைமுகத்தில் நிற்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. அடுத்த துறைமுகத்தில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே கரைநாளுக்கான திட்டம் திரும்பி வரும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். என்ன பார்க்கலாம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. இக்கட்டுரை சென்னையிலிருந்து இலங்கை சென்ற கப்பல் சுற்றுலாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்து கப்பல் சுற்றுலா

கப்பல் சுற்றுலா என்றதும் பலருக்கும் கரீபியன் கடல் நினைவுக்கு வரும். உலகில் மிகுதியான சுற்றுலாக் கப்பல்கள் ஓடும் பகுதிகளில் அது முதன்மையானது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அருகிலேயே கிடைத்த வாய்ப்பு சென்னைத் துறைமுகம் ஆகும். 2023 ஜூன் 5 அன்று சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் பன்னாட்டுக் கப்பல் சுற்றுலாவை அப்போதைய மத்திய கப்பல் துறை அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த சுற்றுலாக் கப்பல் முனையமும் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. கார்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்னும் அக்கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது.

அந்தக் கப்பலுக்கும் கரீபியனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட இக்கப்பலின் முதல் பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு நாள் பயணங்கள் செல்வதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யக்கூடிய அளவுடையது. இத்தனை பேரும் ஒரே காலையில் ஒரே வழியாக இறங்குகிறார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் வரும் கணக்குக்கு இது உதவும்.

இதையொத்த இன்னொரு பயணம் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் 'சமுத்திரம்' சுற்றுலா. எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாள் சென்று கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளைப் பகலில் பார்த்து, இரவில் கப்பலில் தங்கும் முறையில் அது அமைக்கப்பட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பல் சேவை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது பயணிகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்துக் கப்பல். அதில் கரைநாள் என்று ஒன்று இல்லை.

முதலில் அறிய வேண்டிய மூன்று செய்திகள்

*ஏறு நேரம்.* கப்பல் புறப்படும் நேரம் வேறு, பயணி கடைசியாக ஏற வேண்டிய நேரம் வேறு. பின்னதை 'ஆல் அபோர்டு' நேரம் என்று கப்பலில் சொல்வார்கள். அது புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். முந்தைய இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலும், இறங்குபாலத்தின் அருகே வைக்கும் பலகையிலும் இதைக் காணலாம். பயணச்சீட்டு வாங்கும்போது பார்த்த நேரத்தை நம்பக் கூடாது. அன்று காலைப் பலகையில் உள்ளதே இறுதியானது.

*இறங்கும் முறை.* சில துறைமுகங்களில் கப்பல் மேடையை ஒட்டி நிற்கும், நடந்தே இறங்கலாம். ஆழம் போதாத இடங்களில் கப்பல் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகில் கரைக்கு வர வேண்டும். இதை டெண்டர் படகு என்பர். லட்சத்தீவில் கடற்கழி ஆழமற்றது என்பதால் படகில்தான் செல்ல வேண்டும். கரீபியனில் கிராண்ட் கேமன் தீவும் இப்படியே. படகு என்றால் போகவும் வரவும் கூடுதலாக ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அலையில் ஆடும் படகில் கால் வைத்து ஏற முதியோரால் முடியுமா என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

*யார் அழைத்துச் செல்வது.* கப்பல் நிறுவனமே பேருந்து வைத்து ஊர் சுற்றிக் காட்டும், தனிக் கட்டணம். அதில் போகும்போது வழியில் தாமதமானால், பயணிகளைக் கப்பலில் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. நாமே வண்டி பிடித்துப் போனால் செலவு குறையும், விருப்பப்படி நிற்கலாம்; ஆனால் தாமதத்தின் பொறுப்பும் நம்முடையதே. கப்பலடிக்கு அருகிலுள்ள இடங்களுக்குத் தனியாகவும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் உள்ள இடங்களுக்கு நிறுவனப் பேருந்திலும் செல்வது பொதுவாக ஏற்ற வழி.

கொடைரோட்டுக் கணக்கு

பின்னாலிருந்து எண்ணும் இந்த முறை கொடைரோட்டு மக்களுக்குப் புதியதன்று. கொடைக்கானலுக்குச் செல்வோர் ரயிலில் வந்து இறங்கும் நிலையம் கொடைரோடு. இங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காலையில் இறங்கி மலையைப் பார்த்துவிட்டு அன்றிரவே சென்னை ரயிலைப் பிடிக்க நினைக்கும் குடும்பம் எப்படிக் கணக்கிடும்?

ரயில் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழிக்கும். இறங்கி வர மூன்று மணி நேரம் கழிக்கும். வெள்ளி அருவி அருகே வண்டிகள் தேங்கி நிற்கலாம், மஞ்சு இறங்கலாம் என்று இன்னொரு மணி நேரம் கழிக்கும். இரவு ஒன்பதரை மணி ரயில் என்றால் மாலை நான்கரைக்கு மலையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று விடை வரும். அனுபவமுள்ள வண்டி ஓட்டுநர்கள் இந்த விடையை மனக்கணக்காகவே சொல்வார்கள். ஏரியில் இன்னும் ஒரு சுற்றுப் படகு போகலாம் என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்ல உதவுவதும் இதே கணக்குதான்.

கரைநாளுக்கும் இதே நான்கு படிகள்:

1. ஏறு நேரத்தை எழுதுக.
2. அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து வருவதைக் குடும்பத்தின் சொந்த ஏறு நேரமாகக் கொள்க. குழந்தைகளிடமும் முதியோரிடமும் இந்த நேரத்தை மட்டுமே சொல்ல வேண்டும்.
3. கடைசி இடத்திலிருந்து துறைமுக வாசலுக்கு வரும் பயண நேரத்தை இரு மடங்காக்கிக் கழிக்க.
4. மிஞ்சும் நேரத்தில் எது அடங்குமோ அதை மட்டும் திட்டத்தில் சேர்க்க.

எடுத்துக்காட்டு: திருகோணமலை

தாத்தா, பாட்டி, பெற்றோர், இரு பிள்ளைகள் என ஆறு பேர் கொண்ட குடும்பம். கப்பல் காலை 8 மணிக்கு வருகிறது. மாலை 5 மணி ஏறு நேரம் என்று வைத்துக்கொள்வோம். (இவை கணக்குக்காகக் கொண்ட நேரங்கள், ஒவ்வொரு பயணத்திலும் மாறும்.) பார்க்க விரும்பும் இடங்கள்: கோணேசுவரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு, உப்புவெளிக் கடற்கரை.

அட்டையில் பார்த்தால் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. உண்மையில் பொழுது இப்படிக் கழியும்:

- காலை 8.00 – 9.30: குடிவரவுச் சோதனை, வரிசை, இறங்குதல், துறைமுக வாசலுக்கு வருதல்.
- 9.30 – 10.00: வண்டி பேசி, கோணேசர் மலையடிக்குச் செல்லுதல்.
- 10.00 – 12.00: கோட்டையும் கோயிலும்.
- 12.00 – 1.15: நகரில் மதிய உணவு, கழிப்பறை, ஓய்வு.
- 1.15 – 1.45: உப்புவெளிக்குப் பயணம்.
- 1.45 – 3.00: கடற்கரை.
- 3.00 – 4.00: துறைமுகம் திரும்புதல் (அரை மணிப் பயணம், அரை மணி கூடுதல்).
- 4.00 – 5.00: குடும்பத்தின் கையிருப்பு நேரம்.

இடங்களைப் பார்க்கக் கிடைப்பது கோயிலில் இரண்டு மணி, கடற்கரையில் ஒன்றேகால் மணி, ஆக மூன்றேகால் மணி நேரம். ஒன்பது மணி நேரம் மூன்றேகாலாகச் சுருங்குவதைத் தாளில் எழுதிப் பார்த்த குடும்பம் ஐந்து இடங்களுக்கு ஆசைப்படாது.

வரிசையும் காரணத்தோடு அமைந்தது. கோயில் நடை நண்பகலில் சாத்தப்படலாம், ஏற்றமும் உண்டு. ஆகவே வெயில் முற்றுமுன் கோயில். கடற்கரை நண்பகலுக்குப் பின் வருவதால் வெயில் கடுமையாக இருக்கும் என்பது இத்திட்டத்தின் குறை. பாட்டியும் தாத்தாவும் மர நிழலில் அமர, பிள்ளைகள் சிறிது நேரம் அலையில் நின்று வரலாம். வெயில் தாங்காதவர்கள் கடற்கரையை விட்டுவிட்டு நகரிலுள்ள பத்திரகாளி அம்மன் கோயிலையும் கடைத்தெருவையும் பார்த்துத் திரும்பலாம்.

கோணேசுவரமும் சுற்றுப்புறமும்

திருகோணமலை உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. கடலுக்குள் நீளும் பாறைக் குன்றின் உச்சியில் கோணேசுவரர் கோயில் உள்ளது. திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய இரு இலங்கைத் தலங்களுள் இது ஒன்று. மற்றது மன்னார் அருகிலுள்ள திருக்கேதீச்சரம். பழைய கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து, அதே குன்றில் கோட்டை கட்டினர். இன்று அது பிரடெரிக் கோட்டை எனப்படுகிறது. 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இக்குன்றின் அடியில் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். இப்போதுள்ள கோயில் 20-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. ஆகவே கண்ட இடத்தில் படம் எடுக்கக் கூடாது. புள்ளிமான்கள் தாராளமாகத் திரியும். அவற்றுக்குப் பொட்டலத் தின்பண்டம் கொடுக்காமல் பார்த்து ரசிக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். வாசலிலிருந்து கோயில் வரை ஏற்றமான பாதை. வண்டியை எதுவரை விடுகிறார்கள் என்பதை ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது.

ஏழு கிணறுகள் கொண்ட கன்னியா வெந்நீர் ஊற்று நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் உள்ளது. அருகருகே இருந்தும் கிணற்றுக்குக் கிணறு வெப்பம் வேறுபடும். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கிய ஊற்றுகள் என்பது தொன்மக் கதை. உப்புவெளிக்குப் பதிலாக இதைத் தேர்ந்தாலும் கணக்கு அதிகம் மாறாது. இரண்டையும் சேர்த்தால்தான் கையிருப்பு நேரம் கரையும்.

புறாத்தீவு 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் தீவு. நிலாவெளி வரை சாலையில் சென்று, அங்கிருந்து படகில் போக வேண்டும். அனுமதிச்சீட்டு, படகு, திரும்பும் முறை எல்லாம் சேர்த்தால் பகலின் பெரும்பகுதி போய்விடும். நீந்தத் தெரிந்த இளைஞர்கள் அதை மட்டுமே அன்றைய திட்டமாகக் கொள்ளலாம். தாத்தா பாட்டியுடன் வரும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

மற்ற இரு துறைமுகங்கள்

காங்கேசன்துறையில் நேரம் குறைவாகக் கிடைத்தாலும் பயன் மிகுதி. சில கிலோமீட்டருக்குள்ளேயே கீரிமலை நன்னீர்க் கேணியும் நகுலேசுவரமும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் உள்ளன. கடலோரமாக நன்னீர் ஊறும் கீரிமலையில் நீராடுவோர் மாற்றுடையை மறக்கக் கூடாது. யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையின்றிச் செல்ல வேண்டும். கீரிமலைப் பகுதி அல்லது யாழ்ப்பாண நகரம் என ஒன்றைத் தேர்வது நல்லது.

அம்பாந்தோட்டையில் இறங்குவோர் பெரும்பாலும் கதிர்காமம் செல்ல விரும்புவர். சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் கப்பல் நிறுவன ஏற்பாட்டில் செல்வதே பாதுகாப்பு.

மெதுவாக நடப்பவரின் வேகம்

குடும்பத்தின் வேகம் அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. திட்டத்தை அவரை வைத்தே அளக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மதிய உணவு தள்ளிப்போகக் கூடாது. மாத்திரையும் ஊசி மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும், கப்பல் அறையில் அல்ல. மருந்துச்சீட்டின் நகலும் உடன் இருப்பது சோதனையில் உதவும். குடிநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குடை, தொப்பி, ஒரு துண்டு ஆகியவை போதுமான சுமை.

எல்லோரும் இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கப்பலில் உணவு கட்டணத்திலேயே அடங்கியது. கரைநாளில் கூட்டமும் இராது. கால் வலிக்கிறது என்று பாட்டி சொன்னால், அவரோடு ஒருவர் கப்பலில் தங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு ஓய்வெடுப்பதும் நல்ல திட்டம்தான். வயதானவர் தயங்கிச் சொல்வதை வீட்டிலேயே கேட்டுவிடுவது நல்லது. வெளியூரில், பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்க வேண்டாமென்று அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

புறப்படும் முன் வீட்டில் ஒவ்வொருவரும் தாம் விரும்பும் ஓர் இடத்தை மட்டும் சீட்டில் எழுதச் செய்யலாம். முதன்மை இடம் ஒன்று, நேரம் இருந்தால் பார்க்கும் இடம் ஒன்று என இரண்டை மட்டும் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது இடம் விட்டுப்போகலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிட்டால் மாலையில் அழுகை இராது.

கடலில் இறங்கும் முன்

திண்டுக்கல் சமவெளியில் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தக் கற்ற பிள்ளைகள் கடலிலும் அப்படியே நீந்தலாம் என்று எண்ணுவர். கிணற்று நீர் ஓரிடத்தில் நிற்கும். கடலில் கரைக்கு வந்த அலைநீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும்போது சில இடங்களில் ஒடுங்கிய ஓடையாக வேகத்துடன் இழுத்துச் செல்லும். இதை இழுவை நீரோட்டம் என்பர். இரு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் இதுவே. அமைதியாக இருக்கிறதென்று அங்கேதான் இறங்கத் தோன்றும்.

இதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீச்சல் தெரியாத குடும்பம் முழங்கால் அளவு நீரோடு நிற்க வேண்டும். ஒரு பெரியவர் கைப்பேசியைப் பார்க்காமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். திருகோணமலைப் பக்கக் கடல் பொதுவாக மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொந்தளிக்கும். வானிலை சரியில்லாவிட்டால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டு மேலே செல்லவும் கூடும். அம்முடிவு கப்பல் தலைவருடையது.

ஆவணம், பணம், தொடர்பு

ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதி விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறியுள்ளன; முன்பதிவின்போதும் புறப்படும் வாரத்திலும் இலங்கை அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கடவுச்சீட்டைக் கையில் கொண்டுசெல்ல வேண்டுமா, கப்பலில் வைக்க வேண்டுமா என்பதைக் கப்பல் அலுவலர் சொல்வார். எப்படியாயினும் அதன் நகல் ஒன்று தனியே கைப்பையில் இருக்கட்டும்.

இலங்கையின் கடிகார நேரம் 2006 முதல் இந்திய நேரமே. வண்டிகளும் நம் ஊர் போலவே சாலையின் இடப்பக்கம் செல்லும். பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் இருக்கும். பணம் மட்டும் வேறு. 2020-களின் நடுப்பகுதியில் இந்திய ஒரு ரூபாய்க்கு மூன்றுக்கு மேற்பட்ட இலங்கை ரூபாய் கிடைத்தது. ஆகவே விலை கேட்டதும் மலைக்கவும் வேண்டாம், நம் ரூபாயில் கேட்கிறார்களா இலங்கை ரூபாயிலா என்று உறுதி செய்யாமல் இருக்கவும் வேண்டாம்.

ஆட்டோவை அங்கே 'ஓட்டோ' என்பர், தேநீர் 'தேத்தண்ணி'. வண்டி பேசும்போது போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, துறைமுக வாசலில் திரும்ப இறங்கியபின் முழுப் பணத்தையும் கொடுப்பது நல்லது. ஓட்டுநரிடம் குடும்பத்தின் சொந்த ஏறு நேரத்தையே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். எனவே குழந்தை, முதியோர் உட்பட ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு தாள்: கப்பலின் பெயர், துறைமுகத்தின் பெயர், திரும்ப வேண்டிய நேரம், துறைமுக முகவரின் தொலைபேசி எண். முகவர் எண் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். இல்லையென்றால் வரவேற்பு மேசையில் கேட்டு எழுத வேண்டும். இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990, காவல்துறைக்கு 119.

கப்பலைத் தவறவிட்டால்

இது அரிதாக நடப்பது. ஆனால் நடந்தால் குடும்பத்தின் சேமிப்பையே அசைத்துவிடும். முதலில் துறைமுக முகவரைத் தொடர்புகொள்ள வேண்டும். பயணிகள் திரும்பவில்லை என்று தெரிந்தால், அவர்களது கடவுச்சீட்டைக் கப்பல் ஊழியர்கள் எடுத்து முகவரிடம் கொடுத்துச் செல்வது பல கப்பல்களில் வழக்கம். அடுத்த துறைமுகத்துக்கோ சொந்த ஊருக்கோ செல்லும் செலவு பயணியுடையது. திருகோணமலையில் தவறவிட்ட ஆறு பேர் சென்னை திரும்ப வேண்டுமானால், தீவின் மறுகரையிலுள்ள கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் சாலை வழி சென்று ஆறு விமானச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தையும், காங்கேசன்துறை என்றால் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தையும் அணுகலாம்.

இதே கவனம் சென்னைக்கும் பொருந்தும். கொடைரோட்டிலிருந்து இரவு ரயிலில் போய் அன்றே கப்பல் ஏறுவது ரயில் தாமதத்தை நம்பி இருக்கும் திட்டம். ஒரு நாள் முன்னதாகச் சென்னை சேர்வது நல்லது. திரும்பும்போதும் பகல் ரயிலுக்குப் பதிவு செய்யாமல் அன்றிரவு ரயிலுக்குப் பதிவு செய்யலாம்.

கரீபியன் தீவுகளில்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் சிலர் கரீபியன் கப்பல் பயணமும் போகிறார்கள். அங்கும் கணக்கு இதுவே. கூடுதலாக இரண்டு கவனம் வேண்டும். ஒன்று, கடிகாரம். ஜமைக்காவில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். மியாமியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவார்கள். மியாமி நேரத்திலேயே ஓடும் கப்பலில் ஐந்து மணி என்றால் ஜமைக்காக் கரையில் நான்கு மணிதான். கரைக் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து மணிக்கு வருபவர் ஒரு மணி நேரம் தாமதம். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும் என்பதால், கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்வது நல்லது. இரண்டு, ஜூன் முதல் நவம்பர் வரை அட்லாண்டிக் புயல் பருவம்.

அங்கே தமிழர்க்கு உறவான இடங்களும் உண்டு. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்ட வேலைக்காக 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் வழிவந்தோர் மாரியம்மனையும் மதுரை வீரனையும் இன்றும் வழிபடுகின்றனர். குவாதலூப்பின் கபெஸ்தேர் பகுதியில் சாங்கி என்னுமிடத்தில் உள்ள கோயில் பெயர்பெற்றது. தமிழ் பேச்சுமொழியாக அங்கே நிலைக்கவில்லை; தெய்வங்களின் பெயர்கள் நிலைத்தன. குவாதலூப்பில் இறங்கும் தமிழ்க் குடும்பம் கடற்கரைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குத் தரலாம்.

நடத்தை

கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டை நினைவுப் பொருளாக எடுக்கக் கூடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. நீருக்கடியில் பவளத்தின்மேல் கால் ஊன்றவும் கூடாது. அது பாறை போலத் தோன்றினாலும் உயிரினங்களின் கூட்டம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இலங்கையில் அவமதிப்பாகக் கருதப்படும். நீண்ட போரின் துயரைக் கண்ட ஊர்கள் இவை. வழியில் சந்திப்பவரிடம் அதைப் பற்றி நாமாகத் துருவிக் கேட்காமல், அவர்கள் சொன்னால் பொறுமையாகக் கேட்பது பண்பு.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. ஒரு கப்பல் காலை 7 மணிக்குத் தீவை அடைகிறது. டெண்டர் படகில் கரை சேர 10 மணி ஆகிறது. ஏறு நேரம் மாலை 4 மணி. திரும்பும் படகுக்கு ஒரு மணி நேரம் தேவை. குடும்பத்தின் கையிருப்பு ஒரு மணி நேரம். பார்க்க வேண்டிய இடம் படகுத் துறையிலிருந்து 30 நிமிடப் பயணம். திரும்பும் பயண நேரத்தை இரு மடங்காகக் கொண்டால், அந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? (விடை: இரண்டரை மணி நேரம்.)

2. அதே குடும்பம் மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எவ்வளவு நேரம் மிஞ்சும்? இன்னொரு இடத்தைச் சேர்க்கலாமா? காரணம் தருக.

3. உங்கள் ஊருக்குக் காலை 9 மணிக்கு வந்து மாலை 5 மணி ரயிலில் திரும்பும் விருந்தினர் குடும்பம் ஒன்றுக்கு, எழுபது வயதுப் பாட்டியும் உடன் வருகிறார் எனக் கொண்டு, பின்னாலிருந்து எண்ணி ஒரு நாள் திட்டம் எழுதுக.